கோடாட் டீபக் கன்சோல் ஆட்ஆன்: மூணு மாசம் வச்சு வேலை பார்த்த அனுபவம்

நானும் எங்க சித்தப்பா பையனும் காரைக்குடி வீட்டு மாடில உக்காந்து கோடாட்ங்கற கேம் எஞ்சின்ல ஒரு சின்ன கேம் பண்ணிட்டு இருக்கோம், கதை முழுக்க ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள்ளயே நடக்குது, முகப்பு, வளவு, ரெண்டாங் கட்டு, அடுப்படி, கொல்லைன்னு ஒவ்வொரு கதவா திறந்துக்கிட்டே போகணும். கொல்லையில ஒரு பக் சரியாச்சான்னு பாக்க ஒவ்வொரு தடவையும் முகப்புல இருந்து நடந்து வந்தா பொழுது போயிரும். அதுக்குத்தான் கன்சோல், கேம் ஓடும்போதே கமாண்ட் அடிச்சு நேரா அந்த இடத்துக்கு போற பெட்டி. எஸ்கேப்புக்கு கீழ இருக்கற கீயை தட்டுனா மேல இருந்து இறங்குமே, 1996ல வந்த குவேக் கேம்லயே இருந்த அதே சமாச்சாரம்.

முதல்ல நாங்களே எழுதுனோம். அடிச்ச வரியை ஸ்பேஸ் ஸ்பேஸா ஸ்ப்ளிட் பண்ணி, முதல் துண்டு கமாண்ட், மிச்சமெல்லாம் ஆர்க்யுமெண்ட் (கமாண்டுக்கு குடுக்கற விவரம்), அவ்வளவுதான்னு நினைச்சோம். கோடாட்ல ஸ்ப்ளிட் சும்மா விட்டா காலி துண்டையும் சேத்தே குடுக்கும், தெரியாம ரெண்டு ஸ்பேஸ் தட்டிட்டா நடுவுல ஒரு காலி ஆர்க்யுமெண்ட் வந்து உக்காந்துக்கும். அதை விட, எழுத்தை முழு எண்ணாக்குற டு_இண்ட் தான் எங்களை படுத்திருச்சு, எண் இல்லாத எழுத்தையெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தை எண்ணாக்கிரும், ஒண்ணுமே இல்லனா 0. ஆயிரம்னு நினைச்சு 1இ3ன்னு இங்கிலீஷ் இ போட்டா 13 வரும். தம்பி 50 சாவி வேணும்னு அடிச்சப்ப பூஜ்யத்துக்கு பதிலா ஓ எழுத்து விழுந்து 5 சாவி தான் வந்துச்சு, "அண்ணே பெட்டகம் கோட்லதான் ஏதோ தப்பு"ன்னு அவன் சொல்ல, ஒரு சாயங்காலம் முழுக்க தப்பான ஃபைலை நோண்டிட்டு இருந்தோம். அடிச்சது முழு எண் தானான்னு இஸ்_வேலிட்_இண்ட் வச்சு முதல்ல செக் பண்ணிருக்கணும்.

அதுக்கப்புறம் தான் இந்த இலவச ஆட்ஆனை போட்டோம். கமாண்டுக்கு பின்னால ஓடுற ஃபங்ஷன்ல எது எண், எது எழுத்துன்னு டைப் எழுதி வச்சிருந்தா அதையே படிச்சு ஆர்க்யுமெண்ட்டை மாத்திக்குது, மாத்த முடியலன்னா ஃபங்ஷனை கூப்பிடவே மாட்டேங்குது, ரெண்டாவது ஆர்க்யுமெண்ட் முழு எண்ணா இருக்கணும், நீ குடுத்தது இதுன்னு அந்த இடத்தையே காட்டுது. எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே பிடிச்சு போச்சு, ஏன்னா தப்பான கமாண்டை கன்சோல் எப்படி எடுத்துக்குதுங்கறதுல தான் நம்ம நேரம் மிச்சமாகும். கோட்ஸ் (மேற்கோள் குறி) போட்டா உள்ள இருக்கற ஸ்பேஸை உடைக்காது, அதனால 'போ "ரெண்டாங் கட்டு"' அழகா வேலை செய்யுது. டேப் தட்டுனா ரூம் பேரு வருது, பழைய கமாண்டும் கேமை மூடித் திறந்தாலும் இருக்கு.

குறைன்னா மைனஸ். 'நகர்த்து ஊஞ்சல் -2 0'ன்னு அடிச்சா -2ஐ ஆப்ஷன்னு (மைனஸ் போட்டு குடுக்கற கூடுதல் அமைப்பு) எடுத்துக்கிட்டு அப்படி ஒண்ணு இல்லைன்னு நிக்குது, எண்ணா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் தானே அந்த முடிவுக்கு வரணும். இப்போதைக்கு கோட்ஸுக்குள்ள போட்டு ஓட்டுறோம். சாட்ல இருந்து காப்பி பண்ணா வர்ற வளைஞ்ச கோட்ஸும் அதுக்கு கோட்ஸே இல்ல.

தமிழ்ல கமாண்ட் வைக்கறவங்க இதை கண்டிப்பா கவனிங்க. 'கொல்லை'ல வர்ற கொ-வை யூனிகோட்ல கொம்பும் காலும் சேந்த ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் எழுதலாம், ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணுதான், ஒப்பிட்டுப் பாத்தா வேற வேற. பழைய ஃபைல்ல இருந்து எடுத்த பேரு ரெண்டாவது வகை, நான் அடிச்சது முதல் வகை, அப்படி ஒரு இடமே இல்லைன்னுருச்சு. இப்ப கமாண்ட் வரியையும் ரூம் பேரையும் ஒரே வடிவத்துக்கு மாத்திட்டு தான் உள்ள அனுப்புறோம், ரெண்டு ரீப்ளேஸ் வரி கூடுதலா போச்சு.

5க்கு 4 குடுப்பேன். ரிலீஸ் பில்டுல, அதாவது ஆடறவங்களுக்கு குடுக்கற கேம்ல, இது தானா ஆஃப் ஆகாது, ஓஎஸ்.இஸ்_டீபக்_பில்ட் செக்கை நீங்களே போட்டுக்கங்க.