எக்ஸ்-பிளேன் 12: இரண்டு வருடமும் ஒரு ரட்டரும்

போன வாரம் ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துச் சரிசெய்தேன். மறுநாளே ஒரு நண்பர், கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டான "எக்ஸ்-பிளேன் 12 வாங்கலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடமாக நான் அதில் பெரும்பாலும் ஓட்டியது செஸ்னா 172 என்ற ஒற்றை இன்ஜின் சின்ன விமானம். ஜெட் விமானங்களும் இருக்கின்றன, ஆனால் எக்ஸ்-பிளேனின் அருமை தெரிவது சின்ன விமானத்தில்தான். இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று தரும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுத்தான் விமானத்தை நகர்த்துகிறது. அதனால் இன்ஜின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளியதும் மூக்கு இடது பக்கம் இழுக்கும். நிஜ செஸ்னாவும் அப்படித்தான். புரொப்பெல்லர் கிளப்பும் சுழல்காற்று செங்குத்து வாலின் இடது பக்கம் மோதும். மூக்கு உயர்ந்திருக்கும்போது வலது பக்கம் கீழிறங்கும் புரொப்பெல்லர் தகடு கூடுதலாக இழுக்கும். அதைச் சமாளிக்க வலது ரட்டர் (மூக்கை இடது வலதாகத் திருப்பும், வாலில் உள்ள பலகை) கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் எரிச்சலும் இங்கேதான். என்னிடம் ரட்டரைக் காலால் இயக்கும் பெடல் கிடையாது. ஜாய்ஸ்டிக்கின் பிடியைத் திருகினால் ரட்டர். ஏழெட்டு மாதமாகத் தரையிறங்கும்போதும் விமானம் இடது பக்கமே போனது. இன்ஜினைக் குறைத்து 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில் இறங்கும்போது அவ்வளவு இழுப்பு இருக்கக் கூடாது. எனக்கு அது உறைக்கவில்லை. என் கைதான் சரியில்லை என்று நம்பி இரவு இரவாகப் பயிற்சி செய்தேன். டெட் சோனை, அதாவது நடுவில் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாத பகுதியை, கூட்டிப் பார்த்தேன்; குறுக்குக் காற்றில் சின்னத் திருத்தம் செய்யக்கூட வழியில்லாமல் போனது.

கடைசியில் ஒருநாள் கையை எடுத்துவிட்டு அமைப்புத் திரையைப் பார்த்தேன். ரட்டர் கோடு தானாகத் துடித்தது, நடுவிலும் நிற்கவில்லை. உள்ளே, பிடி எவ்வளவு திரும்பியது என்று உரசி அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்ததில் பத்து நாள் தாங்கியது. அப்புறம் அதைக் கழற்றிவிட்டு ஹால் சென்சார் வைத்தேன்; காந்தத்தைக் கொண்டு அளப்பதால் உரசித் தேய எதுவும் இல்லை. பிடியும் பொத்தான்களும் இன்றும் புதிது போலவே இருக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓயாமல் திருகப்போகிற இடத்தில் சீக்கிரம் தேயும் பாகத்தை வைத்து விற்பது அநியாயம்.

சரிசெய்த இரவே இடமிருந்து 12 நாட் காற்று வைத்து இறங்கினேன். இடது இறக்கையைச் சற்றே தாழ்த்தி, வலது ரட்டரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராகப் பிடித்தேன். முதலில் இடது சக்கரம் தொட்டது, அப்புறம் வலது, கடைசியாக மூக்குச் சக்கரம். இரண்டு வருடத்தில் இவ்வளவு சந்தோஷத்தை இந்த விளையாட்டு எனக்குக் கொடுத்ததில்லை.

இருந்தும் நண்பரிடம் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவரிடம் இருப்பதும் இதே திருகு பிடி. பெடல் வாங்கும்வரை இலவச டெமோ போதும். அதிலும் செஸ்னாவை எடுத்து, 10 நாட் குறுக்குக் காற்றில் இறங்கிப் பாருங்கள் என்றேன்.