சர்ஜ் எக்ஸ்டியின் மிக்ஸரும் கோயில் கூம்பு ஸ்பீக்கரும்

சில வருஷங்களாக என் கச்சேரி வாசிப்பு, குறும்படப் பின்னணி எல்லாமே சர்ஜ் எக்ஸ்டி என்ற கம்ப்யூட்டர் சின்தசைஸரில்தான். கிளாஸ் யோஹான்சன் உருவாக்கிய சர்ஜ் சின்த்தின் மூல நிரல் 2018-ல் பொதுவுக்கு வந்தது; அதிலிருந்து வளர்ந்ததுதான் எக்ஸ்டி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தயாராக வரும் ப்ரீசெட் சத்தத்தைத் திறந்து அப்படியே வாசிக்கிறவர்கள் மிக்ஸர் பக்கம் போவதே இல்லை. என்னைக் கேட்டால் இதன் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஒரு சீனில், அதாவது முழுச் சத்தம் ஒன்றின் அமைப்பில், அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் மூன்று. மிக்ஸரில் அவற்றுக்கு மூன்று ஸ்லைடர், ரிங் மாடுலேஷனுக்கு (இரண்டு ஆசிலேட்டரைப் பெருக்கி வரும் சத்தம்) இரண்டு, நாய்ஸுக்கு (இரைச்சல்) ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மியூட், அதை மட்டும் கேட்க சோலோ, சத்தத்தில் ஒரு பகுதியை வெட்டும் இரண்டு ஃபில்டரில் எதற்குப் போக வேண்டும் என்று சொல்ல ஒரு பட்டன்.

இந்தப் பட்டனின் அருமை ஆடி மாதத்தில்தான் தெரியும். சேலத்தில் கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரெங்கும் பண்டிகை. கச்சேரி மேடையில் பெரிய பாக்ஸ் இருக்கும், தெரு நெடுகக் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருக்கும். அம்மாப்பேட்டையில் ஒரு மைக் செட் அண்ணன் தெருக்கோடிவரை நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "தம்பி, மேடையில பேஸ் அதிருது. அந்தக் கோடியில நீ வாசிக்கிறதே தெரியல." உண்மைதான். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கூம்பில் ஒன்றும் உருப்படியாக வராது.

அதனால் என் பேஸ் பேட்ச் (சத்த அமைப்பு) இப்படி இருக்கும். முதல் ஆசிலேட்டர் கிளாசிக் வகை, சா (ரம்பப் பல்) வடிவ அலை. இரண்டாவதும் கிளாசிக், ஒடுக்கமான பல்ஸ், ஒரு ஆக்டேவ் மேலே. மூன்றாவது வெறும் சைன், ஒரு ஆக்டேவ் கீழே. ஃபில்டர்கள் சீரியலில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இருக்க, சைனை மட்டும் இரண்டாவது ஃபில்டருக்கு அனுப்பி அந்த ஃபில்டரை அணைத்து வைத்துவிடுவேன். முதல் ஃபில்டரை எப்படித் திருகினாலும் அடித்தளம் அசையாது. அப்புறம் ஒரு மேக்ரோ, அதாவது பல அமைப்புகளை ஒன்றாகத் திருப்பும் ஒரே ஸ்லைடர்: அதை ஏற்றினால் சைன் இறங்கும், பல்ஸ் ஏறும். அடிச்சுரத்தின் ஹார்மோனிக்குகள் (அதன் மடங்கு அலைவரிசைகள்) காதில் விழுந்தால் போதும், கீழ்ச்சுரத்தை மூளையே கட்டிக்கொள்ளும். கூம்பில் பேஸ் கேட்பது அப்படித்தான்.

பேஸுக்கு, ஒவ்வொரு சுரத்திலும் அலையை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீட்ரிக்கரைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கட்டையை அழுத்தும்போதும் ஆசிலேட்டர்கள் வெவ்வேறு ஃபேஸில், அதாவது அலையின் வெவ்வேறு இடத்திலிருந்து, கிளம்பும்; ஒரே சுரம் ஒரு தடவை கனமாகவும் அடுத்த தடவை சோனியாகவும் கேட்கும். மெல்ல எழுந்து நீளும் பேட் (pad) சத்தங்களுக்கு அது அணைந்திருப்பதே அழகு.

சுருதிப் பெட்டிக்குப் பதிலாகவும் இதை வைத்திருக்கிறேன். ச, ப, மேல் ச என்று மூன்று ஆசிலேட்டர். பஞ்சமத்துக்கு 7 செமிடோன் என்று வைத்தால் கீபோர்டுக்குச் சரி, பாடுகிறவர் காதுக்குப் போதாது. சுத்தமான பஞ்சமம் கிட்டத்தட்ட 702 சென்ட் (ஒரு செமிடோன் 100 சென்ட்). பிட்ச் ஸ்லைடர் 7-ஓடு நின்றுவிடும். ரைட் கிளிக் செய்து ரேஞ்சை நீட்டிவிட்டு 7.02 என்று டைப் செய்ய வேண்டும். 130.8 ஹெர்ட்ஸ் சட்ஜத்தில், திருத்தாத பஞ்சமம் இரண்டேகால் நொடிக்கு ஒரு தடவை மெல்ல அலைந்து அடங்குவது காதில் விழும். 7.02-ல் அந்த அலை ஏறக்குறைய நின்றுவிடும். ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில், வண்டிச் சத்தமே இல்லாத ராத்திரியில், ஹெட்போன் போட்டு இதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பஞ்சமத்தின் லெவலைச் சட்ஜத்தைவிட நாலைந்து டெசிபல் குறைத்து வையுங்கள். பாடுகிறவருக்கு அதுதான் சௌகரியம்.

ஒரு குறை சொல்ல வேண்டும் என்றால், மிக்ஸர் ஸ்லைடர்களுக்குத் தனித்தனி மீட்டர் இல்லை. எது எவ்வளவு ஏறுகிறது என்று சோலோ போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஃபேஸில், ஒரே அளவில் ஒரே மாதிரி இரண்டு ஆசிலேட்டர் சேர்ந்தால் 6 டெசிபல் கூடிவிடும்; ஃபில்டருக்குள் அவ்வளவும் போனால் சத்தத்தின் குணமே மாறும். ஒரு ஆசிலேட்டரையே பல குரலாகப் பெருக்கும் யூனிசனிலும் கை தாராளம் வேண்டாம். மூன்று ஆசிலேட்டருக்கும் 16 வைத்து எட்டு சுரம் பிடித்தால் 384 குரல். பழைய லேப்டாப் கரகரத்துவிடும். முதல் ஆசிலேட்டருக்கு மட்டும் மூன்றோ நாலோ வைத்தால், சேலத்து மேடை எதற்கும் அது போதும்.