கூடத்தில் காய்க்கும் எலுமிச்சை: வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய எச்சரிக்கை

கும்பகோணத்தில் அண்மையில் நடந்த ஒரு பொருட்காட்சியில், துளசி, குண்டுமல்லி, எலுமிச்சை ஆகிய மூன்று செடிகளையும் ஊதா நிறத்தில் எரியும் ஓர் எல்இடி விளக்கையும் ஒரே தொகுப்பாக 3,800 ரூபாய்க்கு விற்றார்கள். மூன்றும் வீட்டுக்குள் வளர்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட ரகங்கள் என்றும், விளக்கைக் கூரையில் மாட்டிவிட்டால் வெயிலே தேவையில்லை என்றும் கடைக்காரர் உறுதி சொன்னார். முற்றம் வைத்த வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு வந்த என் மாமியாருக்குத் துளசி இல்லாமல் பொழுது விடியாது என்பதால் வாங்கினோம். எங்களைப் போல் மாடிவீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் டெல்டாவில் பலர் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பட்டமான ஏமாற்று எலுமிச்சையில்தான் நடந்திருக்கிறது. கொத்துக் கொத்தாகக் காய் தொங்கிய அந்தச் செடியின் இலைகள் சில நாட்களிலேயே சுருண்டன. காய்கள் வெம்பி உதிர்ந்தன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், நூல் அளவு வேர்கூட இல்லை. சாய்வாக வெட்டிய ஒரு கிளையை வயல் களிமண்ணில் சொருகி வைத்திருந்தார்கள். வெட்டுவாய் கறுத்து, தொட்டால் பட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. காய்ந்த களிமண் இறுகப் பிடித்திருந்ததால், கடையில் அசைத்துப் பார்த்தவர்களுக்கும் வேரூன்றிய கன்று போலவே தோன்றியிருக்கும். எலுமிச்சை விதைக்கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். பதியன் கன்று முன்னதாகவே காய்க்கும் என்றாலும், முழங்கால் உயரச் செடி நிறைய முற்றிய காய்களைக் கண்டால், தொட்டியின் அடித்துளையில் வேர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விளக்கின் அட்டையில் 36 வாட் என்று அச்சிட்டிருந்தது; எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 8 வாட்கூட இழுக்கவில்லை. அதையும் கூரையில் மாட்டச் சொன்னதுதான் வேடிக்கை. இத்தகைய பல்பின் ஒளி தூரம் கூடக் கூட விரிந்து நீர்த்துப் போவதால், ஓரடியில் கிடைப்பதில் ஏறத்தாழ 36இல் ஒரு பங்குதான் ஆறடி தள்ளிக் கிடைக்கும். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். விளக்கு எரியும் ஒரு கூடத்தில் சில நூறு லக்ஸ் இருந்தாலே நம் கண்ணுக்கு அது நல்ல வெளிச்சம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்கும் குண்டுமல்லிக்கு அது எம்மட்டு? கணுக்களின் இடைவெளி நீண்டு, இலை வெளிறி, ஒரு மொட்டுகூட விடாமல் ஜன்னல் பக்கமே சாய்ந்தது.

விளக்கொளியில் செடி வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. திறன் மிக்க பேனல்களைச் செடிக்கு அருகில் தொங்கவிட்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எரித்துக் கீரை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சை காய்க்கும் அளவுக்கு எரித்தால், அந்த மின்கட்டணத்துக்குச் சந்தையில் மூட்டையாகவே வாங்கிவிடலாம். துளசியைக் கிழக்குப் பார்த்த பால்கனிக்கு மாற்றி, களிமண்ணை நீக்கிச் செம்மண்ணும் தென்னை நார்த்தூளும் கலந்து வைத்தபின் தளிர்விட்டது. எல்லா வீட்டு மாடத்திலும் இருக்கும் சாதாரணத் துளசிதான் அது.

தொலைபேசியில் கேட்டபோது, "தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள், மேடம்" என்றார் கடைக்காரர். வேரில்லாத கிளையின் படத்தை அனுப்பிய பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். எனக்குக் கொடுத்த துண்டுச்சீட்டில் கைப்பேசி எண்ணைத் தவிரக் கடைப்பெயரோ முகவரியோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லை. பொருட்காட்சி நடத்தியவர்களிடம் அந்தக் கடையை வாடகைக்கு எடுத்தவரின் விவரத்தை எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். இதே தொகுப்பை வாங்கியவர்கள் சீட்டையும் செடியின் அடிப்பகுதியைக் காட்டும் படத்தையும் எடுத்து வையுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.