ராக்வெல், கிளாரெண்டன், சிசீலியா: எந்த ஸ்லாப் எந்த வேலைக்கு?

ஸ்லாப் செரிஃப், அதாவது கோடுகளின் முனையில் தடித்த கட்டை (செரிஃப்) வைத்த ஆங்கில எழுத்துரு, தேர்ந்தெடுக்கும்போது பலரும் தடிமனைத்தான் பார்க்கிறார்கள். எழுத்தின் தண்டும் (நேர்க்கோடும்) அதன் அடிக்கட்டையும் சேரும் மூலையை முதலில் பெரிதாக்கிப் பாருங்கள். அது கூராக வெட்டியிருக்கிறதா, வளைந்து இறங்குகிறதா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

மோனோடைப் 1934இல் வெளியிட்ட ராக்வெல்லில் மூலை செங்கோணம். தண்டும் செரிஃபும் ஏறத்தாழ ஒரே தடிமன், ஓ (O) கிட்டத்தட்ட முழு வட்டம், பெரிய ஏ-யின் (A) உச்சியில்கூட ஒரு கட்டை. 24 பாயின்ட்டுக்கு மேல் இதன் கம்பீரத்துக்கு ஈடில்லை. அந்த அளவில் ட்ராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான வெளியை) -10 முதல் -20 வரை இறுக்கலாம். கருப்பில் வெள்ளை எழுத்தாக அச்சிட்டாலும் தாங்கும். மை பரவி அடைத்துவிட அதில் மெல்லிய கோடே கிடையாது. ஆனால் பத்திக்கு இது வேண்டாம். 10 பாயின்ட்டில் அடிக்கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி வரியின் அடியில் கோடு போட்டதுபோல ஆகிவிடும். சிறிய ஆர் (r), என் (n) இரண்டும் ஒட்டி எம் (m) ஆகத் தெரியும். போல்டில் சிறிய ஈ-யின் (e) உள்வெளி அடைபடும். வரி இடைவெளியைக் கூட்டுவதால் இது தீராது, கோளாறு எழுத்துகளுக்கு நடுவில் இருக்கிறது.

கிளாரெண்டன் இன்னும் பழையது. 1845இல் லண்டனின் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டார். வடிவத்தைப் பதிவு செய்து பெற்ற பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் நகலெடுத்துக் குவித்தன. இதில் மூலை வளைந்து இறங்கும், தடித்த கோட்டுக்கும் மெலிந்த கோட்டுக்கும் வேறுபாடு உண்டு, சில எழுத்துகளின் நுனி உருண்டு முடியும். பெயர்ப்பலகைக்கு என் முதல் தேர்வு இதுதான். மரத்தில் ரவுட்டர் (சுழலும் வெட்டுக்கருவி) கொண்டு செதுக்கும்போது காரணம் விளங்கும்: 6 மி.மீ. விட்டமுள்ள வெட்டுமுனை எந்த உள்மூலையிலும் 3 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுவைக்கும். ராக்வெல்லில் அது பிழையாகத் தெரியும், உளி எடுத்து மூலை மூலையாகத் திருத்த வேண்டும். கிளாரெண்டனில் வடிவமே அப்படித்தான் என்பதால், எழுத்து போதிய பெரிதாக இருந்தால் திருத்தம் பெரும்பாலும் தேவைப்படாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிப் பலகைகளில் இது நெடுங்காலம் இருந்தது. குறைகள் இரண்டு. எழுத்து அகலம், ஆகவே குறுகிய பத்தியில் நீண்ட தலைப்பு உடைந்து மூன்று வரியாகும். மரபான வடிவத்தில் சாய்வெழுத்தும் இல்லை.

பத்திக்கு சிசீலியா. பீட்டர் மத்தியாஸ் நோர்ட்சையின் இந்த 1990ஆம் ஆண்டு வடிவம் பேனா எழுத்தின் நடையை ஸ்லாபுக்குள் கொண்டுவந்தது. அடிக்கட்டை மெலிந்தது, சிறிய எழுத்துகள் உயரமானவை, உண்மையான சாய்வெழுத்தும் பழையபாணி எண்களும் உண்டு. தொடக்ககாலக் கிண்டில்களில் இதைத்தான் வாசித்தோம். அந்தக் கரடுமுரடான மின்மை (இ-இங்க்) திரையில் உதிர்ந்துபோக இதில் மயிரிழைக் கோடுகள் இல்லை. 9.5 பாயின்ட் எழுத்துக்கு 14 பாயின்ட் வரி என்று தொடங்கிப் பாருங்கள். ஒரே குடும்பத்தை வைத்து முழு நூலையும் முடிக்க வேண்டுமென்றால் இதைத் தவிர மற்ற இரண்டையும் நான் தொடமாட்டேன்.

இணையத்துக்கு இலவசமாக வேண்டுமானால் ரோபோட்டோ ஸ்லாப். 100 முதல் 900 வரை எடைகள் (கோட்டுத் தடிமன்கள்) கிடைக்கும், சாய்வு கிடைக்காது. சாய்வு கேட்டால் பிரவுசர் நேரெழுத்தையே தள்ளிச் சாய்க்கும். அடிக்கட்டைகள் வரியில் படுத்திருக்கத் தண்டு மட்டும் சரிந்து, எழுத்து வழுக்கி விழுவதுபோல இருக்கும். ஸ்டைல்ஷீட்டில் அந்தப் போலிச் சாய்வை நிறுத்திவிட்டு, அழுத்தம் தர வேண்டிய சொல்லுக்கு ஒரு படி கூடுதல் எடை கொடுங்கள்.