"வெறும் கொழுப்புக் கட்டி" என்று சொல்லி 46,000 வாங்கிய கிளினிக்: ஒரு எச்சரிக்கை

வீட்டில் யாருக்காவது தொடையிலோ கையிலோ முதுகிலோ கட்டி இருந்தால் இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். பயாப்ஸி (கட்டியிலிருந்து துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிசல்ட் நேற்றுதான் கைக்கு வந்தது: புற்றுநோய். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றால் இது எழுதப்படவே போவதில்லை.

கிளினிக் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். எந்த மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். மரு, மச்சம், முடி உதிர்வு, தொப்பை, லேசர் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு. "கொழுப்புக் கட்டிக்கு ஒரே நாளில் தீர்வு, தழும்பே தெரியாது" என்று போனில் விளம்பரம் வரும். உள்ளே போனால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்சிலர் என்று ஒருவர் உட்காரவைத்து பேக்கேஜ் ரேட் பேசுவார். உங்கள் ஊரிலும் இருக்கும்.

போனது என் பெரியம்மா மகன், 44 வயது. வலது தொடையின் உள்பக்கம் கட்டி. ஆறு மாதத்தில் எலுமிச்சை அளவிலிருந்து மாங்காய் அளவுக்கு வந்திருந்தது. வலி இல்லை. டாக்டர் படுக்கவைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, "மெத்துன்னு இருக்குதுங்க, வலியும் இல்லைங்கறீங்க. வெறும் கொழுப்பு. லிப்போமா" என்றார். அதோடு விடவில்லை. தன் சட்டைக் கையை மடித்து முழங்கைக்கு மேலே ஒரு சின்ன உருண்டையைக் காட்டி, "எனக்கே இருக்குது பாருங்க" என்றார். அந்த ஒரு நிமிடத்தில்தான் அண்ணனும் அண்ணியும் நம்பிவிட்டார்கள். அண்ணி மட்டும், "ஸ்கேன் எதுவும் எடுக்க வேண்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். "எடுக்கலாம், ஆனா உங்களுக்குத்தான் வீண் செலவு" என்று பதில். நம் காசை மிச்சம் பிடிக்க நினைக்கிற டாக்டரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அப்படியே கவுன்டரில் கார்டைத் தேய்த்தார்கள். 46,000 ரூபாய்.

திசு ஆய்வு லேப்பில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அந்த ஒரு நிமிடத்தில் என்னென்ன விட்டுப்போனது என்று சொல்கிறேன்.

முதலில், பயப்படத் தேவையில்லாத கட்டி எது? உண்மையான லிப்போமா பெரும்பாலும் தோலுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கும். பிசைந்த மாவு மாதிரி இருக்கும். ஓரத்தை விரலால் அழுத்தினால் நழுவி நகரும். முதுகு, தோள், பிடரி, மேல்கை இங்கெல்லாம் அதிகம் வரும். வருடக் கணக்கில் ஏறக்குறைய அதே அளவில் கிடக்கும், 5 செ.மீ. தாண்டுவது குறைவு. சிலருக்குக் குடும்பத்திலேயே பத்து இருபது என்று இருக்கும். உடம்பு இளைத்தாலும் அது கரையாது, தொந்தரவு இல்லை என்றால் எடுக்கவும் வேண்டாம். தோலுக்கடியில் தட்டுப்படுகிற கொழுப்புக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோயான சார்கோமா, பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம்தான். அரிது என்பதால்தான் கையை வைத்ததும் "கொழுப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். நூறு தடவை சொன்னால் ஏறக்குறைய நூறு தடவையும் சரியாகத்தான் போகும். தப்பாகப் போகிற ஒரு ஆளுக்குக் காலே போகலாம்.

அதற்காகத்தான் கேள்விகள் இருக்கின்றன. 5 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா? வளர்கிறதா? தசை உறைக்குக் கீழே ஆழத்தில் இருக்கிறதா? எடுத்த இடத்திலேயே திரும்ப வந்ததா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கத்தி வைப்பதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். வலி புதிதாக வந்தாலும், கூடிக்கொண்டே போனாலும் அப்படித்தான். ஆனால் வலி இல்லை என்பது எந்த நிம்மதியும் தராது. சார்கோமா பெரும்பாலும் வலியே இல்லாமல்தான் வளரும்.

அண்ணனுக்கு முதல் மூன்று கேள்விக்கும் பதில் ஆமாம். எட்டு செ.மீ. இருந்த கட்டியை இஞ்ச் டேப் வைத்துக்கூட அளக்கவில்லை. ஆழத்தில் இருக்கிறதா என்று பார்க்க மெஷின் தேவையே இல்லை. தொடையின் உள்பக்கக் கட்டி என்றால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணையைக் கொடுத்து இறுக்கி நெரிக்கச் சொல்லவேண்டும். அப்போது உள்தொடைத் தசை கல்லாகும். கட்டி தசைக்கு மேலே இருந்தால் அப்போதும் தனியாக நகரும், இன்னும் எடுப்பாகத் தெரியும். தசைக்குள்ளோ அடியிலோ இருந்தால் நகராமல் பிடித்துக்கொள்ளும், அல்லது மறைந்துபோகும். அரை நிமிட வேலை, இதைச் செய்யவில்லை. (தசைக்குள் சாதாரண லிப்போமாவும் வரும். ஆழத்தில் இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஸ்கேன் இல்லாமல் தொடக்கூடாது என்பதுதான் அர்த்தம்.)

"மெத்துன்னு இருக்குது" என்ற பேச்சு இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணனுக்கு இப்போது வந்திருக்கும் ரிப்போர்ட் மிக்ஸாய்டு லைப்போசார்கோமா, அதாவது கொழுப்புத்திசுப் புற்றில் ஒரு வகை. இது ஜெல்லி போன்ற பொருள் நிறைந்த கட்டி, கைக்கு மெத்தென்றுதான் இருக்கும். நடுவயதில், தொடையின் ஆழத்தில் வருவதுதான் இதன் வழக்கமே. அல்ட்ராசவுண்டில் சில நேரம் நீர்க்கட்டி மாதிரிகூட ஏமாற்றும். அதனால் ஆழத்தில் இருக்கும் பெரிய கட்டிக்கு அல்ட்ராசவுண்டோடு நிறுத்தக்கூடாது. எம்.ஆர்.ஐ.யில் சாதாரண லிப்போமா, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு எப்படித் தெரிகிறதோ எல்லாப் படத்திலும் அப்படியேதான் தெரியும். கொழுப்பை அணைத்து எடுக்கும் படத்தில் மொத்தமாகக் கறுத்துப்போகும். உள்ளே 2 மி.மீ.க்கு மேல் தடித்த தடுப்புகள், முடிச்சுகள், கொழுப்பல்லாத திட்டுகள் இருந்தாலோ, கட்டி 10 செ.மீ. தாண்டினாலோ சந்தேகம். அப்படிச் சந்தேகம் வந்தால் எம்.டி.எம்.2 என்கிற மரபணுச் சோதனைதான் லிப்போமாவையும், அதைப் போலவே இருக்கும் கொழுப்புத்திசுப் புற்றையும் பிரித்துக் காட்டும். மிக்ஸாய்டு வகையில் கொழுப்பு கொஞ்சம்தான் தெரியும், நீர் காட்டும் படத்தில் பளிச்சென்று வெளுத்திருக்கும்.

எம்.ஆர்.ஐ. முடிந்த பிறகுதான் பயாப்ஸி. மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. போதாது, அதில் சிதறிய செல்கள்தான் வரும், இன்ன வகை என்று சொல்ல முடியாமல் போகும். தடித்த ஊசியால் நாலைந்து துண்டு எடுக்கவேண்டும். ஊசி போகும் பாதையை, பிறகு ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜன் முடிவு செய்யவேண்டும், ஏனென்றால் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள்.

இவர்கள் செய்ததைப் பாருங்கள். முதலில் கொழுப்பு கரைக்கும் ஊசி என்று பேசியிருக்கிறார்கள். அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது தாடைக்கு அடியில் தொங்கும் கொழுப்புக்கு மட்டும்தான். என்னவென்றே தெரியாத கட்டிக்குள் செலுத்த அல்ல. பிறகு "பெருசா இருக்குது, எடுத்துடலாம்" என்று மாறி, மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு, தொடைக்குக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். கை, காலில் இந்த வெட்டு நீளவாக்கில்தான் இருக்கவேண்டும், குறுக்கே வெட்டினால் அடுத்த ஆபரேஷனில் எடுக்கவேண்டிய சதையின் அளவு பெருகிவிடும். "உறையோட முழுசா உரிச்சு எடுத்தாச்சு" என்று பெருமையாகச் சொன்னார்களாம். சார்கோமாவைச் சுற்றியிருப்பது உண்மையான உறையே இல்லை. நெருக்கப்பட்ட திசு, அதற்குள்ளும் வெளியிலும் புற்றுச் செல்கள் இருக்கும். உரித்து எடுத்தால் மிச்சம் உள்ளேயே தங்கும். தையலிலிருந்து நாலு விரல் தள்ளி தனியாக ஓட்டை போட்டு டிரெயின் குழாய் வைத்தார்கள். இப்போது அந்த ஓட்டையும் சந்தேகப்பட வேண்டிய இடம். பிறகு ரத்தம் கட்டிக்கொண்டது. கட்டிய ரத்தம் பரவிய இடமெல்லாம் செல்களும் பரவியிருக்கலாம்.

தையல் பிரித்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். ஹெச்.பி.இ. ரிப்போர்ட் (எடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து லேப் கொடுப்பது) எங்கே என்று கேட்கச் சொன்னேன். ரிசப்ஷனில், "அது பேக்கேஜ்ல வராதுங்க." சரி, சாம்பிளைக் கொடுங்கள், நாங்களே டெஸ்ட் செய்கிறோம் என்றால், "டிஸ்போஸ் பண்ணியாச்சுங்க." எடுத்த கட்டியை, அதன் பருமனைப் போலப் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் போட்டு, பெயர் எழுதி, ஒரு ஃபாரத்தோடு லேப்புக்கு அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஆகும் செலவு அந்த 46,000-ல் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதைச் செய்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி: லிப்போமா நீக்கப்பட்டது. எந்த மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதினார்கள்?

தழும்புக்குப் பக்கத்தில் மறுபடி தடித்தபோது, "உள்ள தழும்புச் சதை, எண்ணெய் போட்டு நீவி விடுங்க" என்று ஒரு ஆயின்மென்ட். அது வளர்ந்தபோது டாக்டர் வேறு பிராஞ்சில் இருந்தார். அப்புறம் மீட்டிங்கில் இருந்தார். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினோம், இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, "மறுபடி எடுக்கறதுக்கு பாதி ரேட் போட்டுத் தர்றோம்" என்றார். 46,000 வாங்கிக்கொண்டு, புற்றுநோயைக் கலைத்துவிட்டு, அடுத்த ஆபரேஷனுக்கு டிஸ்கவுன்ட். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஆபரேஷன் நடந்துச்சுல்லங்க" என்கிறார்கள்.

மறுபடி வளர்ந்த கட்டியில் எடுத்த பயாப்ஸியில்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. இப்போது கேன்சர் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நுரையீரலுக்கு சி.டி. எடுக்கவேண்டும். இந்த வகை முதுகெலும்புக்கும் போகும் என்பதால் அதற்குத் தனியாக எம்.ஆர்.ஐ. பிறகு 25 தடவை ரேடியேஷன், மொத்தம் 50 கிரே (கதிர்வீச்சின் அளவு). அதற்கப்புறம் பழைய தழும்பு, டிரெயின் ஓட்டை, ரத்தம் கட்டிய இடம் எல்லாவற்றையும் சேர்த்து அகலமாக எடுத்து, வேறு இடத்துச் சதையை வைத்து மூடவேண்டியிருக்கும். முதலிலேயே முறையாகப் போயிருந்தாலும் ரேடியேஷன் வந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கெடாத தொடையில், சின்ன பரப்பில், ஒரே ஆபரேஷனோடு முடிந்திருக்கும். இந்த வகைக்கு ரேடியேஷன் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி தெம்பாக இருக்கிறார்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நாளைக் காலை ஸ்கேனுக்குக் கிளம்பவேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்.

கட்டியை மாதம் ஒரு முறை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். 5 செ.மீ. தாண்டினாலோ, வளர்ந்தாலோ, நகராவிட்டாலோ அழகு கிளினிக் பக்கமே போகாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடத்துக்கோ போங்கள். ஸ்கேன் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். நீவாதீர்கள், ஒத்தடம், ஊசி எதுவும் வேண்டாம். எந்தக் கட்டியை எடுத்தாலும் சாம்பிள் லேப்புக்குப் போகிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள், பிறகு ரிப்போர்ட், பிளாக் (மெழுகில் பதித்த திசு), ஸ்லைடு (அதிலிருந்து சீவிய கண்ணாடித் தகடு) மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள், 2002-ம் வருட மருத்துவ கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். காசு வாங்கிச் செய்த சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். உதவி எண் 1915. பில்லைத் தொலைத்துவிடாதீர்கள், கார்டில் கட்டியிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இப்போதே எடுத்து வையுங்கள்.