வார்ப் டெர்மினல்: காரைக்குடி வீட்ல உக்காந்து யூஸ் பண்றவனோட ரிவ்யூ

வார்ப்ங்கிறது ஒரு டெர்மினல் ஆப், அதாவது கமாண்ட் டைப் பண்ணி கம்ப்யூட்டர்ல வேல வாங்குற விண்டோ. மொதல்லயே சொல்லிர்றேன், ஏஐ இருக்குங்கிறதுக்காக வார்ப் போடாதீங்க, பிளாக்ஸுக்காகப் போடுங்க. ஒவ்வொரு கமாண்டும் அதோட அவுட்புட்டும் தனித்தனி கட்டமா நிக்கும், டாக்கர் (ஆப்பத் தனிப் பெட்டில அடைச்சு ஓட்டுற டூல்) பில்டு போட்டு லாக் (என்ன நடக்குதுன்னு வரிவரியா வர்ற பதிவு) மலையா கொட்டுனாலும் ஒரு கிளிக்ல அந்தக் கட்டத்தோட தலைக்குப் போயிரலாம், அந்த அவுட்புட்டை மட்டும் காப்பி பண்ணி டீம்ல போட்டுரலாம். டைப் பண்ற எடத்துல மவுஸ வச்சு நடுவுல எழுத்த திருத்தலாம், பாஷ்ல (கமாண்ட வாங்கி ஓட்டுற சாதா ஷெல்) ஏரோ கீயத் தட்டித் தட்டி விரல் தேஞ்சவங்களுக்கு இது போதும்.

ரஸ்ட்ங்கிற புரோகிராமிங் லாங்குவேஜ்ல எழுதுனது, மேக்ல ஆரம்பிச்சு 2024 பிப்ரவரில லினக்ஸ், 2025 பிப்ரவரில விண்டோஸ்னு வந்துச்சு. டெர்மினல் தொறக்க எதுக்குய்யா லாகின்னு எல்லாரும் திட்டுனாங்கள்ல, அத 2024 கடைசில எடுத்துட்டாங்க, ஏஐ வேணும்னாதான் லாகின்.

ஏஐ எப்டினா, மறந்துபோன கமாண்டுக்கு சூப்பர். "போர்ட் 3000 யாரு புடிச்சு வச்சிருக்கா"ன்னு தங்லீஷ்ல கேட்டாலே அதக் கண்டுபிடிக்கிற எல்எஸ்ஓஎஃப் கமாண்டை எடுத்து நீட்டுது. எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாத்த), டார் (ஃபைல மூட்டையா கட்ட), ஃபைண்ட் (ஃபைல் தேட) இதெல்லாம் இனி மனப்பாடம் பண்ற ஜோலியே இல்ல. ஆனா எந்த ஏஜென்டா (நமக்குப் பதிலா வேல செய்ற ஏஐ) இருந்தாலும், கேக்காமலே கமாண்ட ஓட்டுற ஆட்டோ ரன்ன ஆஃப்ல வைங்க. வேற ஒரு டூல்ல (பேரு வேணாம்) டிஸ்க் ஃபுல்லு, கொஞ்சம் எடம் பண்ணுன்னு கேட்டேன், டாக்கர் வால்யூமையும் (டாக்கர் டேட்டா சேமிக்கிற எடம்) சேத்து தொடைக்கிற கமாண்டை கூலா நீட்டுச்சு, என் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பூரா அதுக்குள்ளதான் கெடக்கு. என்டர் தட்டாம விட்டதால தப்பிச்சுது.

நம்ம ஊரு பிரச்சன வேற. பழைய வீட்டு செவரு சும்மா இல்ல, முகப்புல ரவுட்டர் வச்சா ரெண்டாங்கட்டுக்கு சிக்னலே வராது, அதனால லேப்டாப்ப தூக்கிட்டு வளவு பட்டாலைலதான் (உள்முற்றத்த ஒட்டுன மேடை) உக்காந்திருக்கேன். கரண்டு போனா நெட்டும் போச்சு, அப்ப ஏஐ வாயத் தொறக்காது, சாதா ஷெல் மட்டும் ஓடும். ஒல்லாமாங்கிற டூல போட்டு நெட் இல்லாம லேப்டாப்லயே ஏஐ மாடல் ஓட்டலாம்தான், ஆனா 8 ஜிபி ரேம்ல 7பி (700 கோடி பாராமீட்டர்) மாடல் மூச்சு வாங்குது.

இங்க இன்ஜினியரிங் படிக்கிற தம்பிங்க கேட்டா நான் சொல்றது ஜெமினி சிஎல்ஐ, டெர்மினல்ல ஓடுற கூகுளோட ஏஐ டூல். 2025 ஜூன்ல வந்தப்பவே சாதா கூகுள் அக்கவுண்டுக்கு நாளைக்கு 1000 ரிக்வெஸ்ட் ஃப்ரீன்னு விட்டாங்க, ஓப்பன் சோர்ஸ் வேற, இருக்குற டெர்மினல்லயே ஓடும், புதுசா ஒண்ணு பழக வேண்டியதில்ல. இப்ப லிமிட் என்னன்னு மட்டும் ஒருதடவ பாத்துக்கங்கப்பா. வேலைக்குப் போய் நாள் பூரா லாக்ல உருள்றவங்களுக்கு வார்ப். கிளையன்ட் சர்வர்ல எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்தே லாகின்) பண்ணிருக்கும்போது மட்டும் செட்டிங்ஸ்ல போயி ஏஐய அமத்திருங்க, பாஸ்வேர்டு கீயெல்லாம் ஸ்கிரீன்ல ஓடுற எடம் அது.