பழைய வீட்டுக்கு வெள்ளையும் தேக்குக் கதவுக்குப் பாலிஷும்: காரைக்குடிப் பக்கம் ஏழு வாரம்

சிங்கப்பூரில் இருபத்தாறு ஆண்டுகளாக வசிக்கும் நான், இந்தத் தை மாதக் கடைசியில் ஏழு வார விடுப்பில் ஊருக்குச் சென்றேன். காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் கிராமத்து வீட்டின் சுவர்களையும் கதவுகளையும் சீர்செய்வதற்காகவே மேற்கொண்ட பயணம் அது. ரங்கூனில் தொழில் நடத்திய என் கணவரின் பாட்டையா 1920களில் கட்டிய வீடு. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். நிலையும் கதவும் தூணும் கப்பலில் வந்த பர்மாத் தேக்கு, சுவர்கள் சுண்ணாம்புக் காரை. ஐந்து பங்காளிக் குடும்பங்களுக்கு அதில் உரிமை உண்டு. என் கணவருக்கு விடுப்புக் கிடைக்காததால், எல்லாரிடமும் தொலைபேசியில் சம்மதம் பெற்றுக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன்.

நேரில் இருந்தே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயிண்டிங் ஒப்பந்தக்காரரிடம் தொலைபேசியிலேயே பேசி, பாதிப் பணத்தை முன்பணமாக அனுப்பி, வாட்ஸப்பில் வந்த படங்களைப் பார்த்து மகிழ்ந்து, மீதியையும் அனுப்பிவிட்டோம். அவர் புது வீட்டுக்குச் செய்வதைப் போலவே சுவரைச் சமப்படுத்தும் பட்டியை இரண்டு கை வைத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் எமல்ஷன் பூசியிருந்தார். படத்தில் வீடு பளிச்சென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்து நான் பார்த்தபோது, உள்ளறைகளில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சுவர் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். பால் ஆடையைப் போல ஒரு தோல் உரிந்து வந்தது. அதன் பின்புறம் ஈரமாகவும், சுவரில் வெள்ளை உப்பு பூத்தும் இருந்தது. கையால் தடவியபோது நூறாண்டுக் காரை மாவாக உதிர்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பழைய சுண்ணாம்புச் சுவரின் இயல்பு புரியாமல் செய்த வேலைதான் இந்தச் சேதத்துக்குக் காரணம். அந்தக் காலத்து அடித்தளத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. மழைக்காலத்தில் மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சின் நுண்ணிய துளைகள் வழியாகவே ஆவியாகி வெளியேறும். அந்தத் துளைகளைப் பிளாஸ்டிக் போன்ற எமல்ஷன் படலம் மூடிவிட்டால், ஈரம் உள்ளேயே தேங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து படலத்துக்கு அடியில் படிய வைக்கிறது. பெயிண்ட் உரிவது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் காரையும் கெட்டுப்போய்விடுகிறது.

இந்த முறை மூன்று பேரை வரவழைத்தேன். முதலில் வந்தவர் ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொன்னார்; சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் மதுரையிலிருந்து வந்த இன்டீரியர் டிசைனர், அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். மூன்றாமவர் பக்கத்து ஊர் மேஸ்திரி, அறுபது வயதை நெருங்கியவர். விரல் கணுவால் சுவரை இடம் இடமாகத் தட்டிப் பார்த்து, பொத்தலாக ஒலித்த இடங்களில் கரிக்கட்டியால் வட்டம் போட்டார். பிறகு, "ஆச்சி, மழைக்காலத்துல ஈரம் எதுவரைக்கும் ஏறும்? மாடி ஓட்டுல ஒழுக்கு இருக்கா? அதைப் பார்க்காம வெள்ளையடிச்சு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். விலையைப் பற்றி அவர் அன்று பேசவே இல்லை. வேலை அவருக்குத்தான் என்று அப்போதே நான் தீர்மானித்துவிட்டேன்.

சதுர அடிக் கணக்கு வேண்டாம், சுரண்டும் வேலை எத்தனை நாள் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் சுவர் வேலைக்கு நாள் கூலி போதும் என்று அவரே சொன்னார். தலைக்கு 1,100 ரூபாய், நான்கு ஆட்கள். பொருள்களை நானே வாங்கிக் கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பட்டி மூட்டைக்குள்ளும் பெயிண்ட் டப்பாவுக்குள்ளும் பெயிண்டர்களுக்கென்று, அவர்கள் பணமாக மாற்றிக்கொள்ளக்கூடிய டோக்கனைக் கம்பெனிகள் வைக்கும் வழக்கம் உண்டு. நமக்குப் பரிந்துரைக்கப்படும் சரக்கு சுவருக்கு ஏற்றதா, டோக்கனுக்கு ஏற்றதா என்பது பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் விட்டால் நமக்குத் தெரியாது.

எமல்ஷனை எடுப்பதற்கே பதினொரு நாள் ஆயிற்று. மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரே நாளில் முடியும், ஆனால் காரையின் மேல் தோலும் போய்விடும் என்று மேஸ்திரி அதைத் தொடவிடவில்லை. பட்டி பிளேடால் கையாலேயே சுரண்டினார்கள். பூத்திருந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போகும் என்பதால், காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினார்கள். வளவுச் சுவர்களில், கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடி போல் தேய்த்த பழைய பூச்சு நல்ல வேளையாகத் தப்பியிருந்தது. அதற்கு எந்தப் பூச்சும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்றார்.

மற்ற அறைகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான். பொத்தலான இடங்களைச் சிமெண்டு கலக்காத சுண்ணாம்புக் காரையால் அடைத்துக் காயவிட்டார்கள். நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பை மோர் பதத்துக்குக் கரைத்து, சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, நாளைக்கு ஒரு கை என்று மூன்று கை அடித்தார்கள். முதல் கை அடித்ததும் ஒன்றுமே அடிக்காததுபோல் சுவர் சாம்பல் நிறமாகவே நின்றது. "காயட்டும் ஆச்சி" என்றார் மேஸ்திரி. பிற்பகலில் வந்து பார்த்தபோது அதே சுவர் வெளுத்துக்கொண்டிருந்தது. ஈரமாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாமல், காயக் காயத்தான் சுண்ணாம்பு வெள்ளை ஏறும் என்பதை ஐம்பது வயதுக்கு மேல் அன்றுதான் நான் பார்த்தேன்.

மர வேலைக்கு வேறு ஆள். பாலிஷ்காரர் கையில் ஸ்பிரிட் நனைத்த துணியோடு வந்து, ஒவ்வொரு கதவிலும் கண்ணில் படாத ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தார். துணியில் பிசுபிசுவென்று பழுப்பு இறங்கினால் அது பழைய அரக்குப் பாலிஷ். இறங்காவிட்டால் வார்னிஷ் என்று விளக்கினார். முந்தைய ஒப்பந்தக்காரர் பூசிய கறுத்த வார்னிஷ் எட்டுக் கதவுகளை மூடியிருந்தது. அவற்றில் ஒன்றில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் முழு வேலையையும் செய்து காட்டச் சொன்னேன். ரிமூவர் தடவிய சிறிது நேரத்தில் வார்னிஷ் சுருங்கிச் சுருண்டது. அதைத் தகட்டால் வழித்து, செதுக்கல்களில் பித்தளை பிரஷ் போட்டு, 120, 180, 240, 320 என்று உப்புத்தாளை வரிசையாக மாற்றித் தேய்த்தபோது, தேன் நிறத்தில் தேக்கின் ரேகை ஒவ்வொன்றாக எழுந்தது. பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணிப்பொட்டலத்தை ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் தோய்த்து, எட்டுப் போடுவதுபோல் சுழற்றிச் சுழற்றி அவர் தேய்த்த அந்த ஒரு சாண் இடத்தைப் படமெடுத்துப் பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்பினேன்; அதன் பிறகு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. தெருவைப் பார்த்த வெளிக்கதவுக்கு மட்டும் அரக்கு வேண்டாம், தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும் என்று ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிட்டார்.

பாலிஷுக்குக் கூலி பரப்பளவுக் கணக்கு என்பதால், கதவுகளின் அளவில் தகராறு வருவது வழக்கம். பலகை அழுத்திய கதவைத் தட்டையாக அளந்து, ஒரு பக்கத்துக்கு 1.3 மடங்கு என்று பெருக்கும் முறை இந்தியத் தர அளவை ஐஎஸ் 1200-இல் உள்ளது. விளிம்புகளுக்கும் பள்ளங்களுக்கும் அது நியாயமான கணக்கு என்பதால், அப்படியே அளப்பது என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டோம்.

ஜன்னல் கம்பிகளில் இருந்த மிகப் பழைய பெயிண்டை மட்டும் காய்ந்தபடியே தேய்க்க நான் விடவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டின் தூளில் ஈயம் இருக்கக்கூடும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லி, எல்லாருக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். இளைஞர்கள் இருவர் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வேலை செய்ததால், ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்ல வேண்டியிருந்தது.

இன்டீரியர் டிசைனர் கணினியில் வரைந்து காட்டிய படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் வளவைச் சுற்றியுள்ள மர உத்தரங்களை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடும் யோசனை எனக்குச் சம்மதமில்லை. காற்று ஏறி இறங்கும் உயரத்தை நாமே அடைத்துக்கொள்வானேன்? அவரிடம் அடுப்படியையும் இரண்டு குளியலறைகளையும் விளக்குகளையும் மட்டும் ஒப்படைத்தேன். வடிவமைப்புக்குத் தனிக் கட்டணம், பொருள்களுக்குக் கடை பில் என்று பிரித்துக் கேட்டபோது அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். சுவரை வெட்டாமல் பித்தளைக் குழாய் வழியாக வயரிங் கொண்டுபோனது அவருடைய யோசனை. அதில் அவருடைய திறமை தெரிந்தது.

ஒரே ஒரு விபத்து நேர இருந்தது. ஆத்தங்குடித் தரையில் சிந்திய சுண்ணாம்பைப் போக்க ஒரு பையன் ஆசிட் பாட்டிலைத் திறந்துவிட்டான். அந்தக் கல்லின் நிறம் மேற்பரப்புச் சிமெண்டிலேயே இருக்கிறது; ஆசிட் பட்டால் நிறமும் வழவழப்பும் போய்விடும். நான் போட்ட சத்தத்தில் அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். ஈரச் சாக்கை விரித்து ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கறையை எடுத்தோம். பிறகு துளித் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்ததும் தரை பழையபடி ஆனது.

பணம் கொடுத்த முறையையும் சொல்ல வேண்டும். கூலியைச் சனிக்கிழமைதோறும், பாலிஷ் தொகையை நான்கு நான்கு கதவுகளாக முடிய முடியக் கொடுத்தேன். என் சிங்கப்பூர் எண்ணோடு இணைந்த என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்) கணக்கிலிருந்து யுபிஐ வழியாகவே எல்லாம் செலுத்தியதால், எவருக்கு எப்போது எவ்வளவு என்ற கணக்கு கைப்பேசியிலேயே இருந்தது. புறப்படும் முந்தைய நாள், மேஸ்திரிக்குத் தனியாகப் பேசியிருந்த மேற்பார்வைத் தொகை 20,000 ரூபாயைக் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். "ஐப்பசி மழை ஒண்ணு போகட்டும் ஆச்சி. சுவத்தை வீடியோ எடுத்து அனுப்புறேன், பார்த்துட்டுக் குடுங்க" என்றார். அந்தத் தொகையை அதே கணக்கில் தனியாக வைத்திருக்கிறேன்.